காயத்துக்குப் பிறகு கடலோர நெடுநடையைத் தொடர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வாரங்கள் நீளும் கடலோர நடையைக் காயத்தால் பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி தொடர நினைப்பவர்களுக்காக எழுதியது. இந்த நடையில் அதிகம் அடிபடுவது பாதமும் கணுக்காலும் முழங்காலும்தான் என்பதால் பதில்களும் அவற்றைச் சுற்றியே வரும். உங்கள் டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். அவர் உங்கள் காலைப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை.

“எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளம்பிவிடலாமா?

அவர் சொன்னது அன்றாட நடையைப் பற்றி. வீட்டுக்குள் நடப்பது, படியேறுவது, கடைக்குப் போய் வருவது என்று அர்த்தம். முதுகில் சுமையோடு தினமும் ஆறு மணி நேரம், சரிவான தரையில், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நடப்பது வேறு வேலை. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “தினமும் இத்தனை கிலோமீட்டர், இவ்வளவு எடை, தொடர்ந்து இத்தனை நாள். எப்போது தொடங்கலாம்?” இப்படிக் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

மாவுக்கட்டிலோ ஓய்விலோ இருந்த காலில் இரண்டே வாரத்தில் தசை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்துவிடும். திரும்பி வர அதைவிட அதிக நாள் பிடிக்கும். காயம் ஆறுவதும் கால் பழையபடி வேலை செய்வதும் ஒரே தேதியில் நடப்பதில்லை.

சரி, எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்?

அடிபட்டது எது என்பதைப் பொறுத்தது. லேசான கணுக்கால் சுளுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஜவ்வு கிழிந்திருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம். அதற்குப் பிறகும் ஜவ்வு முழு பலம் பெற மாதக்கணக்கில் ஆகலாம்.

நெடுநடைக்காரர்களுக்கு வருகிற இன்னொன்று, பாதத்தின் நீள எலும்பில் விழும் மெல்லிய விரிசல். 1855-லேயே பிரஷ்யப் படை டாக்டர் பிரைட்ஹாப்ட், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பார்த்து இதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது எக்ஸ்ரே கிடையாது, அதனால் காரணம் அவருக்குத் தெரியவில்லை. இந்த விரிசலுக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம். ஆனால் சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடிப்பகுதியிலோ பாதத்தின் நடுவில் இருக்கும் படகு எலும்பிலோ விரிசல் என்றால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு கூடுவது தாமதமாகும். அந்த இடங்களில் அவசரப்பட வேண்டாம்.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்தான் எல்லாவற்றிலும் மெதுவானது. குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணுக்கு ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் வெளியிட்ட பயிற்சித் திட்டமே பன்னிரண்டு வாரம்: படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது, நாளுக்கு இரண்டு வேளை, வாரத்தில் ஏழு நாளும். “ஓய்வு எடுத்தேன், வலி போய்விட்டது” என்று தசைநாண்காரர்கள் கிளம்பினால் மூன்றாம் நாள் வலி திரும்பி வந்து நிற்கும். ஓய்வு வலியை அடக்கும், தசைநாணுக்குப் பலம் தராது.

தயாராகிவிட்டேனா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

அடிபட்ட காலை நல்ல காலோடு ஒப்பிடுங்கள். அதைவிட நல்ல அளவுகோல் வீட்டில் கிடையாது.

ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஆரோக்கியமான ஒருவருக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து முறை வரும், வயது கூடினால் குறையும். எண்ணிக்கையைவிட இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் அரை நிமிடம் நின்று பாருங்கள் (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்). சுளுக்கிய கணுக்காலில் வலி போன பிறகும், கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வு மந்தமாகவே இருக்கும். ஒரே கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மூன்றாவது, படியில் மெதுவாக இறங்குவது. ஏறுவதை யாரும் சோதிக்க மறப்பதில்லை, இறங்குவதைத்தான் மறக்கிறார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும். முழங்கால் அங்கேதான் உண்மையைச் சொல்லும்.

பயிற்சி நடையில் வலி வருகிறது. நிறுத்திவிட வேண்டுமா?

நடக்கும்போது வரும் வலியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடியைப் பாருங்கள். பத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவில் நடையின்போது இழுத்தது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா? அப்படியானால் அந்தத் தூரம் உங்களுக்குச் சரி. காலையில் விறைப்போ வீக்கமோ முந்தைய நாளைவிட அதிகமாக இருந்தால் நேற்று நடந்தது அதிகம். ஒரு நாள் விட்டு, தூரத்தைக் குறைத்து மறுபடி முயலுங்கள். நான் கிலோமீட்டர் கணக்கைவிட இந்தக் காலை நேரச் சோதனையைத்தான் நம்புகிறேன். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எலும்பு விரிசலுக்கு “கொஞ்சம் வலி பரவாயில்லை” என்பது பொருந்தாது. விரல் நுனியால் ஓரிடத்தைத் தொட்டு ‘இங்கேதான்’ என்று காட்ட முடிகிற வலி எலும்பின் மேல் வந்தால், அன்றைக்கே நிறுத்துங்கள்.

எந்த அளவுக்குப் பயிற்சி செய்துவிட்டுப் பாதைக்குத் திரும்பலாம்?

அன்றாடம் நடக்கத் திட்டமிட்டிருக்கும் தூரத்தில் முக்கால் பங்கை, பாதையில் தூக்கப் போகும் அதே சுமையோடு, அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். மூன்றாம் நாள் காலைச் சோதனை சரியாக இருந்தால் போகலாம். ஒரே நாளில் நீண்ட தூரம் நடந்து காட்டுவதால் எதுவும் தெரியாது. நெடுநடையைச் சோதிப்பது இரண்டாம் நாள்தான்.

கூட்டும்போது தூரம், சுமை, ஏற்ற இறக்கம் மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும். வலி வந்தால் எதனால் வந்தது என்றாவது தெரியும்.

கடலோரம்தானே, சமதளமாகத்தானே இருக்கும்?

கடலோரப் பாதைகள் பற்றிய பெரிய தவறான எண்ணம் இது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை சுமார் 1,014 கிலோமீட்டர். அதன் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 35,000 மீட்டர் வரும், எவரெஸ்ட் உயரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஓடைகள் கடலில் கலக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் பாதை கடல்மட்டம் வரை இறங்கி, மறுபடி செங்குத்தாக ஏறும். மலையில் ஒரு நாளைக்கு ஒரு பெரிய ஏற்றம், ஒரு பெரிய இறக்கம் என்றால், இங்கே சின்னச் சின்னதாகப் பத்து. அதோடு மண்ணில் வெட்டிய படிகள், அதுவும் உங்கள் கால் உயரத்துக்குப் பொருந்தாத படிகள். முழங்கால் காயத்திலிருந்து வருபவர்கள் வரைபடத்தில் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் மொத்த இறக்கத்தைப் பாருங்கள்.

மணல் மெத்தென்று இருக்கிறதே, காயம்பட்ட காலுக்கு நல்லதுதானே?

அதிர்ச்சி குறைவு என்பது உண்மை. அதற்கான விலையும் உண்டு. உலர்ந்த தளர்வான மணலில் நடக்க, கெட்டியான தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் செலவாகிறது. பாதம் அடியெடுக்கும்போது மணல் பின்னுக்கு நழுவுவதால், கெண்டைக்கால் தசையும் அக்கிலிஸும் கூடுதலாக இழுக்கப்படுகின்றன. அக்கிலிஸ் காயம், பாதவளைவு வலி ஆகியவற்றிலிருந்து வருபவர்களுக்கு உலர்மணல்தான் மோசமான தரை. கடல் இறங்கியிருக்கும் நேரத்தில் அலை விட்டுப்போன ஈரமணல் கெட்டியாகவும் ஓரளவு சமமாகவும் இருக்கும். கடற்கரைப் பகுதிகளை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். கூழாங்கல் கரை கணுக்காலுக்கு எந்த நேரத்திலும் நல்லதில்லை. மேலே மாற்றுப்பாதை இருந்தால் அதில் போங்கள்.

இன்னொரு சங்கதியைப் பலர் கவனிப்பதே இல்லை. கடற்கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. நீங்கள் ஒரே திசையில் போகும்வரை கடலும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும், அதுவும் வாரக்கணக்கில். கடல் வலப்பக்கம் என்றால் வலது கால் எப்போதும் தாழ்வில். அதன் வெளிவிளிம்பு கடலை நோக்கிச் சாய்ந்தபடியே இறங்கும், கணுக்கால் சாதாரணமாகப் பிசகுவதும் அந்தப் பக்கம்தான். குன்றின் விலாவில் போகும் ஒற்றையடிப் பாதையிலும் இதே கதை.

அதனால் வலது கணுக்காலின் வெளிப்புற ஜவ்வு அடிபட்டவர், மீதிப் பாதையைக் கடல் இடப்பக்கம் இருக்கும்படி நடந்தால் அந்தக் கணுக்காலுக்குச் சுமை குறையும். அதாவது பாதையின் மறுமுனையிலிருந்து தொடங்கி, விட்ட இடத்தை நோக்கித் திரும்பி வருவது. அடிபட்டது இடது கால் என்றால் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

விட்ட இடத்திலிருந்தேதானே தொடங்க வேண்டும்?

அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. மனசு அதைத்தான் கேட்கும், தெரியும். ஆனால் நீங்கள் எங்கே விழுந்தீர்களோ அந்த இடம் பெரும்பாலும் கடினமான பகுதியாகத்தான் இருக்கும், அதனால்தானே விழுந்தீர்கள். திரும்பி வரும் முதல் வாரத்தில் அதையே முதல் நாளாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தினமும் சாலைக்கோ பேருந்துக்கோ எளிதாக வெளியேற முடிகிற, ஏற்றம் குறைந்த பகுதி எது என்று பார்த்து அங்கே தொடங்குங்கள். விட்டுப்போன துண்டைக் கால் பழகிய பிறகு போய் நடந்துகொள்ளலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

முன்பு நடந்ததில் பாதி, முதல் வாரம் முழுக்க. மூன்று நாள் நடந்தால் நான்காம் நாள் ஓய்வு. கால் நன்றாக இருந்தாலும் அந்த ஓய்வை எடுங்கள். நன்றாக இருக்கும் நாளில்தான் எல்லோரும் அதிகமாக நடந்துவிடுகிறார்கள்.

ஓத நேரங்களை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களை, கணக்கிடுவதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

கட்டாயம். கணக்கு பழையதாகவும் வேகம் புதியதாகவும் இருந்தால் கடலோரத்தில் அது ஆபத்து.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் தந்த விதியை இன்றும் பயன்படுத்துகிறோம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. 15 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரம். இது நல்ல உடல்நிலையில் நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. காயத்திலிருந்து திரும்புபவர் இதில் பாதியைச் சேர்த்து ஆறு மணி என்று வைத்துக்கொள்வது நல்லது. சில நாள் நடந்த பிறகு உங்கள் உண்மையான வேகம் தெரிந்துவிடும், அப்போது திருத்திக்கொள்ளுங்கள்.

இனி கடல். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். மறுநாள் அதே நிலை சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி வரும். அந்த ஆறு மணி நேரத்தில் தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி உயரம் ஏறிவிடும். பாறை முனையைச் சுற்றிக் கடற்கரை வழியாகப் போகும்போது அரை மணி தாமதம் என்பது தண்ணீர் இறங்கி முடிந்த நேரத்தில் பெரிதில்லை. மூன்றாவது மணியில் அதே அரை மணி முனையை மூடிவிடும். அமாவாசை, பௌர்ணமி முடிந்த ஓரிரு நாளில் ஏற்ற இறக்க வித்தியாசம் மிக அதிகம், அந்த நாட்களில் இன்னும் இறுக்கம். பன்னிரண்டு பங்குக் கணக்கு ஒரு குத்துமதிப்புதான். அந்தந்த இடத்து ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில கடல்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான் வரும்.

முனையை எட்ட வேண்டிய நேரத்துக்குப் பதில், திரும்பிவிட வேண்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். அந்த மணிக்குள் இன்ன இடத்தை அடையவில்லை என்றால் திரும்புவது, பேச்சே இல்லை. வலிக்கும் காலோடு வேகமாக நடக்கச் சொல்லிக் கடல் கட்டாயப்படுத்துகிற நிலைக்குள் போகவே கூடாது.

ஆற்று முகத்துவாரங்களை இறங்கிக் கடக்கலாமா?

படகு இருந்தால் படகு. இறங்கித்தான் கடக்க வேண்டும் என்ற இடங்களும் உண்டு. மேலே சொன்ன தென்மேற்குப் பாதையில் ஏர்ம் ஆறு அப்படித்தான், கடல் முழுதாக இறங்கிய நேரத்துக்கு ஒரு மணி முன்னும் ஒரு மணி பின்னும் மட்டுமே கடக்கலாம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத குளிர்ந்த நீரில், காலை எங்கே வைக்கிறோம் என்ற உணர்வு மந்தமாக இருக்கும் கணுக்காலோடு இறங்குவதற்கு நான் ஆதரவில்லை. வண்டி பிடித்துச் சுற்றிப் போங்கள்.

ஊன்றுகோல் வேண்டுமா? வயசானவர் மாதிரி இருக்குமே?

இரண்டு வேண்டும், ஒன்று போதாது. இறக்கத்தில் முழங்காலுக்குப் போகும் சுமையில் ஒரு பகுதியைக் கைகள் வாங்கிக்கொள்ளும், சமநிலைக்கும் உதவும். சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடியும் உயரம் சரி, நீண்ட இறக்கத்துக்கு முன் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். பாதையில் நடக்கும் திடகாத்திரமான இளைஞர்களே வைத்திருக்கிறார்கள், பார்க்கத்தானே போகிறீர்கள்.

சுமையை எப்படிக் குறைப்பது?

சில கடலோரப் பாதைகளில் தங்குமிடம் விட்டுத் தங்குமிடம் பையைக் கொண்டுபோய் வைக்கும் சேவை இருக்கிறது. முதல் இரண்டு வாரம் அதைப் பயன்படுத்துவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. அது இல்லாத இடத்தில் கூடாரத்தை விட்டுவிட்டு அறையில் தங்குங்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியை வெட்டிக் கிராம் குறைப்பவர்கள் உண்டு. அவர்களும் தண்ணீரைத் தேவைக்கு மேல் இரண்டு லிட்டர் சுமப்பார்கள். தண்ணீர் நிரப்பும் இடங்களைக் குறித்து வைத்தாலே ஒரு கிலோ போய்விடும்.

பழைய ஷூவையே போடலாமா?

அடிபட்ட கால் மாதக்கணக்கில் மாலையில் வீங்கும். மாலை நேரத்தில், நடைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். அடிப்பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நொண்டி நடந்த நாட்களின் தேய்மானம் அதில் இருக்கும், அதே கோணலுக்குக் காலைத் திரும்பத் தள்ளும். உயரமான ஷூவா தாழ்ந்த ஷூவா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. சுளுக்கு வந்த கணுக்காலுக்குப் பட்டையோ பிரேஸோ போடுவது மறு சுளுக்கைக் குறைக்கும், அதைச் செய்யுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கலாமா?

நடப்பதற்கு முன்னால் வேண்டாம். எப்போது நிறுத்துவது என்று சொல்வது அந்த வலிதான். இபுபுரூஃபன் வகை மாத்திரைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: வெயிலில் நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்துக்குக் கெடுதல். நடை முடிந்த மாலையில் தேவைப்பட்டால், டாக்டர் ஒப்புக்கொண்ட மாத்திரை, அளவோடு. தினமும் தேவைப்படுகிறது என்றால் நடையைத்தான் குறைக்க வேண்டும்.

கால் சரியாகிவிட்டது, ஆனால் இறக்கத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

விழுந்தவர்களுக்கு இது வரும். பயத்தில் உடலை விறைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, நல்ல காலிலேயே எல்லா எடையையும் போட்டு இறங்குவார்கள். அப்படி இறங்கினால் வழுக்குவதும் அதிகம், கொஞ்ச நாளில் நல்ல முழங்காலும் வலிக்கத் தொடங்கும். சிறிய, பாதுகாப்பான ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து, சுமையில்லாமல், சின்ன அடிகளாக, பலமுறை ஏறி இறங்குங்கள். தைரியம் சொல்லித் தருவதால் வராது, இறங்கி இறங்கித்தான் வரும். கூட வருபவர் “ஒன்றுமில்லை வா” என்று முன்னால் போய் நின்று கத்தாமல் இருந்தால் பாதி உதவி.

துணையோடு போவதா, தனியாகவா?

முதல் வாரம் துணையோடு. ஆனால் வேகத்தை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், முன்னால் நடப்பதும் நீங்களாக இருங்கள். தனியாகப் போவதானால் எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குன்றின் கீழ் போன் சிக்னல் கிடைக்காத இடங்கள் அதிகம் என்பதால் விசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுவது மலைப்பகுதிகளில் பரவலாகத் தெரிந்த ஆபத்து அடையாளம்.

பாதையில் மறுபடி பிசகிவிட்டால்?

உட்காருங்கள், ஷூவை உடனே கழற்றாதீர்கள். வீங்கிவிட்டால் திரும்பப் போட முடியாது. சில நிமிடம் கழித்து எழுந்து நான்கு அடி வைக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபக்க எலும்பு முனையின் பின்விளிம்பில் அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடக்க முடிந்தால் அருகில் உள்ள வெளியேறும் வழிக்குப் போங்கள், அன்றைய இலக்குக்கு அல்ல.

எந்த அறிகுறிக்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

ஓய்வில் இருக்கும்போதும் இரவிலும் வலிக்கும் எலும்பு. முழங்கால் பூட்டிக்கொள்வது அல்லது திடீரென்று மடிந்து விடுவது. அப்புறம், மாவுக்கட்டில் இருந்தவர்களும் நீண்ட பயணம் செய்து பாதைக்கு வந்தவர்களும் கவனிக்க வேண்டியது: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலிப்பது. அது தசைப்பிடிப்பாக இல்லாமல் காலின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியதாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள், தேய்த்துவிடாதீர்கள். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.